கடல்நீர்த் தொட்டியில் மீன் விடலாமா? அம்மோனியா சொல்லட்டும்

மண்டபம், கீழக்கரை பக்கம் கடல் கைக்கெட்டும் தூரம். குடத்தில் மொண்டு ஊற்றி, தண்ணீர் தெளிந்ததும் மீனை விட்டுவிடுகிறார்கள். நாலாம் நாள் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. தெளிவை நம்பாதீர்கள். கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் பிறக்கும் அம்மோனியாவுக்கு நிறமே இல்லை. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் ஃபில்டரிலும் பெருக 3 முதல் 6 வாரம் ஆகும். பிஹெச் 8.2 உள்ள கடல்நீரில் அம்மோனியாவின் நஞ்சும் அதிகம்.

1. தண்ணீர்: வாடைக் காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் எடுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மாறி, வடகடலில் எடுங்கள். படகு நிற்கும் இடம் வேண்டாம், டீசல் மிதக்கும். மழைக்காலத்தில் உப்பு இறங்கும் என்பதால் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா பாருங்கள். வற்றும் தண்ணீருக்கு ஆர்ஓ நீர்தான் (உப்பு நீக்கிய நீர்) ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது.

2. கல்: கரையில் கிடக்கும் பவளத்தை எடுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது அது. கடையில் விற்கும் செயற்கைக் கல்லும் செராமிக் வளையமும் போதும்.

3. அம்மோனியா: மீன் விடுமுன் பாக்டீரியா பெருக அதற்குத் தீனியாக அம்மோனியாவை நாமே போட வேண்டும். 100 லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 0.65 கிராம் போட்டால் சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். அது கிடைக்காவிட்டால் ஒரு பச்சை இறாலை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு, 2 பிபிஎம் தொட்டதும் எடுத்துவிடுங்கள். நாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். பம்பு இரவும் பகலும் ஓடட்டும். நீண்ட மின்வெட்டில் காற்றில்லாமல் பாக்டீரியா சாகும், அதனால் பேட்டரி ஏர் பம்ப் அவசியம்.

4. சோதனை: இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் பெரும்பாலான சோதனை கிட்டுகளில் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. குழாயை வெள்ளைத்தாள் மேல் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; டியூப்லைட்டில் நிறம் மாறித் தெரியலாம், அங்கேதான் ஏமாறுவது. அம்மோனியா இறங்க, நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் காட்டும் அளவை நம்ப வேண்டாம், கூட்டிக்காட்டும். இடையில் கல்லில் படியும் பழுப்புப் பாசி தயார் என்பதற்கு அடையாளம் ஆகாது.

5. கடைசிப் பரீட்சை: அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானதும் மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார். நைட்ரைட் மட்டும் மிச்சமிருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். தயாரான தொட்டியைச் சும்மா போட்டாலும் பாக்டீரியா பட்டினியில் குறையும்.

நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே வரும்வரை தண்ணீரை மாற்றிவிட்டு, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி விடுங்கள். அடுத்த மீன் இரண்டு வாரம் கழித்து. முதல் வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள், 0.25 பிபிஎம் தெரிந்தால் அன்றைக்குத் தீனியை நிறுத்தி, கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.