கட்டுரை வகுப்பில் கூகுள் டாக்ஸ்

கூகுள் கிளாஸ்ரூமில் பணிக்கான டாக்ஸ் கோப்பை இணைக்கும்போது ‘ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘மாணவர்கள் கோப்பைத் திருத்தலாம்’ என்று வைத்தால் வகுப்பே ஒரே கோப்பில் மல்லுக்கட்டும்.

சந்திப்பிழைகளை நீங்களே திருத்திப் பரிந்துரையாகக் கொடுக்காதீர்கள். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிடுவார்கள். “வீட்டிற்கு சென்றேன்” என்றிருந்தால் அந்த இடத்தைக் குறித்து, ‘நடுவில் இருந்த ஒற்று எங்கே?’ என்று கருத்து மட்டும் இடுங்கள். தேடிப் பிடித்து ‘ச்’ போடுபவர் அதை எளிதில் மறப்பதில்லை.

எப்போது என்ன எழுதப்பட்டது என்று காட்டும் பதிப்பு வரலாற்றைத் திறந்து பாருங்கள். முழுக் கட்டுரையும் ஒரே மூச்சில் முளைத்திருந்தால் ஆளை அழைத்துப் பேசுங்கள். குற்றம் சாட்ட அவசரம் வேண்டாம், வேறொரு செயலியில் எழுதிவிட்டு இங்கே ஒட்டியிருக்கலாம்.

தட்டச்சில் திணறுபவர்களுக்குக் குரோம் உலாவியில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது, தமிழிலும். பேச்சுவழக்கில்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அதை எழுத்துவழக்குக்கு மாற்றுவதே அடுத்த வகுப்பின் வேலை.