படகு தானாகவே போகிறதா? உடனே திருப்புங்கள்

போன ஞாயிறு ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். வாடகைப் படகில் ஒரு குடும்பம் ஏறியது. துடுப்பைத் தொடும் முன்பே படகு நகர, "தானாவே போகுது!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் ஒரு காலத்தில் இப்படிக் கைதட்டியவன்தான்.

குப்பை போடாதீர்கள், குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள் என்பதெல்லாம் வாசல் பலகையிலேயே இருக்கும். அதில் இல்லாதவற்றைச் சொல்கிறேன்.

ஓட்டத்தோடு கிளம்புவது

ஆற்றில் முதலில் எதிரோட்டத்தில்தான் போக வேண்டும். கையில் தெம்பு இருக்கும்போது மேலே ஏறிவிட்டால், களைத்த பிறகு ஆறே கொண்டுவந்து சேர்க்கும்.

நான் தலைகீழாகச் செய்தேன். ஒரு மணி நேர வாடகை. 20 நிமிடம் கீழ்நோக்கிப் பாட்டும் சிரிப்புமாகப் போனோம். திரும்பினால், கரையில் ஒரு சாய்ந்த மரம். பத்து நிமிடம் துடுப்பு வலித்த பிறகும் அதே மரம் அதே இடத்தில். மைத்துனர் ஒரு துடுப்பு, நான் ஒரு துடுப்பு என்று பிரித்துக்கொண்டோம், படகு வட்டமடித்தது. துறைக்கு வந்து சேர்ந்தபோது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லாத படகுக்காரர், இப்போது கடிகாரத்தைக் காட்டிக் கூடுதல் காசு கேட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

கணக்கு எளிது. தேங்கிய நீரில் மணிக்கு 4 கி.மீ. வலிப்பவருக்கு ஓட்டம் 2 கி.மீ. என்றால், போகும்போது வேகம் 6, திரும்பும்போது 2. 20 நிமிடம் போன தூரத்துக்குத் திரும்ப 1 மணி நேரம். ஓட்டம் 3 கி.மீ. ஆனால் அதே 20 நிமிடத்துக்கு 2 மணி 20 நிமிடம்!

ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? அலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது காற்றின் வேலை. துறைக்கட்டையைச் சுற்றி நீர் வால்போல் எந்தப் பக்கம் நீள்கிறதோ, அதுதான் கீழ்ப்பக்கம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நடு ஆற்றை விட்டுக் கரையோரம் வாருங்கள், அங்கே இழுப்பு குறைவு. வளைவில் உள்பக்கமாகப் போங்கள். வெளிப்பக்கம் ஆழமும் வேகமும் அதிகம். அங்கே விழுந்து கிடக்கும் மரங்களின் கிளைகளுக்குள் தண்ணீர் நுழைந்து போய்விடும், படகு போகாது. அப்படியும் முடியாவிட்டால் படகைக் கரையில் கட்டிவிட்டு நடந்து வாருங்கள். மானம் ஒன்றும் போய்விடாது. கீழே தடுப்பணை இருந்தால் இதை யோசிக்கவே வேண்டாம், உடனே கரை ஏறுங்கள்.

அந்தக் குடும்பத்தைக் கத்திக் கூப்பிட்டேன். பதிலுக்குக் கையசைத்தார்கள்.

நங்கூரத்தைப் பின்னால் கட்டுவது

முன்பக்கம் மட்டும். பின்னால் கட்டினால் தாழ்வான பின்பக்கத்தின் வழியே ஆறு உள்ளே ஏறிவிடும்.

பிள்ளைக்குப் பெரிய லைஃப் ஜாக்கெட்

மாட்டிவிட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் சின்னது கேளுங்கள். "பரவாயில்லை, கயிறை இறுக்கிக்கலாம்" என்பார்கள். கேட்காதீர்கள்.

மின்கம்பிக்குக் கீழே தூண்டில் வீசுவது

கார்பன் கோலில் மின்சாரம் பாயும். வேறு இடம் பாருங்கள்.

உலர்ந்த கையால் மீனைப் பிடிப்பது

திரும்ப விடப் போகிற மீன் என்றால் முதலில் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். அதுதான் அதற்கு நோய்த் தடுப்பு. அப்புறம், அறுந்த தூண்டில் நரம்பைச் சுருட்டிப் பையில் போடுங்கள். கரையில் கிடந்தால் ஏதாவது பறவையின் காலில்தான் போய்ச் சுற்றும்.

தண்ணீரை ஒட்டிப் பாய் விரிப்பது

வெயில் அடிக்கிறதே என்று நம்ப வேண்டாம். மேலே எங்கோ அணை திறந்தால் மழையில்லாமலே தண்ணீர் ஏறும். புதர்களில் சருகும் குச்சியும் ஒரே மட்டத்தில் சிக்கியிருக்கும், பாருங்கள்: முன்பு தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. பாயை அதற்கு மேலே விரியுங்கள்.