பிள்ளைக்கு அடிக்கடி டான்சில் வீங்கினால்: முதலில் ஒரு குறிப்பேடு

டான்சில் பெரிதாக இருந்தாலே நோய் என்று பொருளில்லை. 3 வயதிலிருந்து 7 வயதுவரை அது இயல்பாகவே பருத்திருக்கும், பிறகு மெல்லச் சுருங்கும். டார்ச் அடித்துப் பார்த்துப் பதற வேண்டாம். டான்சில் அழற்சி எத்தனை முறை வந்தது என்பதுதான் கேள்வி.

டான்சிலை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கும் அளவு இது: ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 ஆண்டுகள் ஆண்டுக்கு 3 முறை. எல்லாத் தொண்டை வலியும் கணக்கில் சேராது. 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், டான்சிலில் வெள்ளைப் படலம், பரிசோதனையில் ஸ்ட்ரெப் கிருமி (தொண்டையைத் தாக்கும் ஒருவகை பாக்டீரியா): இவற்றில் ஒன்றாவது கூடவே இருக்க வேண்டும்.

இங்கேதான் சிங்கப்பூர்ப் பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். ஒருமுறை புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக், அடுத்த முறை பலதுறை மருந்தகம், நள்ளிரவில் 24 மணி நேர கிளினிக். பதிவுகள் சிதறிப்போகும், எம்சியில் (மருத்துவ விடுப்புச் சான்றில்) தேதி மட்டும்தான் இருக்கும். ஆகவே நீங்களே எழுதுங்கள்: "மார்ச் 12. 38.9. வலப்பக்கம் வெள்ளைப் புள்ளி. சளி, இருமல் இல்லை. அமாக்சிசிலின் 10 நாள். பள்ளி 3 நாள் போகவில்லை." சளி, இருமல் உண்டா என்பதை விடாமல் குறியுங்கள். இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் பலன் தராது.

ஸ்ட்ரெப் என்று உறுதியாகி 10 நாள் மருந்து கொடுத்தால் பத்து நாளும் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதும் பாட்டில் ஃபிரிட்ஜ் மூலைக்குப் போய்விடுகிறது. கிருமி முழுதாக ஒழியாவிட்டால் இதயத்தைத் தாக்கும் வாதக் காய்ச்சல் வரை போகலாம்.

பாராசிட்டமால் சிரப்பில் ஒரு கண்ணி உண்டு. 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வகை கிடைக்கிறது. 16 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 240 மில்லிகிராம். முதல் வகையில் 10 மில்லி. அதே 10 மில்லியை இரண்டாவதில் ஊற்றினால் இருமடங்குக்கும் மேல். லேபிளைப் படித்த பிறகே ஊற்றுங்கள். டெங்கி இல்லை என்று தெரியும்வரை இபுபுரூஃபென் வேண்டாம், ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

குறட்டை தனிக்கதை. தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுந்தால் எண்ணிக்கைக்குக் காத்திருக்காமல் கைப்பேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்கு. மூச்சுத் திணறினால் ஆம்புலன்சுக்கு 995.

நிபுணரைப் பார்க்கப் பலதுறை மருந்தகம் வழியாகப் பரிந்துரைக் கடிதம் பெற்றால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும். அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) பயன்படும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் தொண்டையில் தெரியும் வெள்ளைப் படலம் சீழ் அல்ல, சுரண்டாதீர்கள். காது வலிக்கும், வாய் நாறும். இரண்டு வாரத்தில் சரியாகும். 5 முதல் 10 நாளுக்குள் படலம் உதிரும்போது ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். தூங்கும் பிள்ளை அடிக்கடி விழுங்கினால் எழுப்பி வாயைப் பாருங்கள். ரத்தம் தெரிந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்காமல் துப்பச் சொல்லி, அப்படியே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.