பம்ப் ஸ்டார்ட் ஆகவில்லையா? காயில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த பம்பை, பர்மாவில் பெகு, தட்டோன் பக்கம் கோடை நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க வெளியே எடுத்தால் பல நேரம் கயிறு இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம். உடனே "காயில் போச்சு" என்று கடைக்கு ஓடாதீர்கள். பிளக்குக்குப் பொறி தரும் இந்தக் காயில்தான் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. கீழே உள்ள அளவுகள் ஹோண்டா ஜிஎக்ஸ்160, அதை ஒட்டி வந்த சீன 168எஃப் பெட்ரோல் எஞ்சின்களுக்கு.

1. பிளக்கைக் கழற்றுங்கள்

21 மி.மீ. பிளக் ஸ்பேனர் போதும். நன்றாகக் கயிறு இழுத்த பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டரைப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சந்தேகம். கரி படிந்திருந்தால் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, முனை இடைவெளியை 0.7 முதல் 0.8 மி.மீ.க்குள் வையுங்கள். வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

2. பொறியைப் பாருங்கள்

பெட்ரோல் குழாயை மூடுங்கள். சுவிட்சை ஆஃபில் வைத்து நாலைந்து முறை இழுத்தால் உள்ளே தேங்கிய ஆவி வெளியேறும். சற்றுப் பொறுத்து, பிளக்கைக் காயில் கம்பி நுனியிலுள்ள தொப்பியில் மாட்டி, பிளக்கின் மரையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத போல்ட்டில் அழுத்திப் பிடியுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே இருக்கட்டும். ரப்பர் பிடியுள்ள குறடு வேண்டும், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும். சுவிட்சை ஆனில் வைத்து வேகமாக இழுங்கள். பிளக் எஞ்சின் பாடியில் தொடாமல் இழுக்கக்கூடாது. மின்சாரம் போக வழியில்லாமல் காயிலின் உள் காப்பு பழுதாகலாம்.

வெளியே பொறி தெரிந்தாலே நல்லது என்று நம்பிவிட முடியாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்ட் தேவை. பழைய பிளக் ஒன்றின் முனையை 4 மி.மீ. வரை விலக்கிச் சோதியுங்கள். அதையும் நீலமாக, சடசடவென்று தாண்டினால் காயில் நலம்.

3. நிறுத்தும் கம்பியைப் பிரியுங்கள்

பல நேரம் கோளாறு இங்கேதான். எஞ்சினை நிறுத்த, சுவிட்ச் காயிலின் கம்பியை பாடியோடு சேர்க்கிறது. எலி கடித்த கம்பியோ துருப்பிடித்த சுவிட்சோ அதே வேலையைத் தானாகச் செய்துவிடும். காயிலிலிருந்து வரும் மெல்லிய கம்பியை இணைப்பில் கழற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். இப்போது பொறி வந்தால் காயிலில் குற்றமில்லை.

அடுத்து ஆயில் சென்சார். ஆயில் குறைந்தால் அதுவும் பொறியை நிறுத்தும். பம்ப் வரப்பில் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். சமதளத்தில் வைத்து ஆயில் பாருங்கள், மொத்தம் சுமார் 0.6 லிட்டர். அளவு சரியாயிருந்தும் சென்சார் கம்பியைக் கழற்றினால்தான் பொறி வருகிறது என்றால் சென்சாரை மாற்ற வேண்டும். கம்பி இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் ஆயில் தீர்ந்தது தெரியாது, எஞ்சின் இறுகிவிடும்.

4. தொப்பியும் காயிலும்

இன்னும் பொறி இல்லையென்றால் பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றி, கம்பி நுனியை 6 மி.மீ. வெட்டி மறுபடி திருகுங்கள். பச்சைக் களிம்பு பிடித்த நுனியே பாதி வினை.

அப்புறம் ஃபேன் மூடியைத் திறவுங்கள். காயிலின் இரும்புக் கால்களிலும், ஃப்ளைவீல் என்ற சுழலும் சக்கரத்தின் காந்தத்திலும் மழைக்காலத் துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். இரண்டுக்கும் நடுவே 0.4 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, காந்தத்தைக் காயிலுக்கு நேரே திருப்பி, 10 எண் ஸ்பேனரால் இரண்டு போல்ட்டையும் இறுக்குங்கள். 0.2 முதல் 0.6 வரை இருக்கலாம். இரண்டு காலிலும் ஒரே அளவு வேண்டும்.

நிறுத்தும் கம்பி பிரிந்திருந்தும், தொப்பியும் இடைவெளியும் சரியாயிருந்தும் பொறி வரவில்லையென்றால், இப்போது காயில் வாங்கலாம். பொறி நன்றாயிருந்து கயிறு கையைப் பின்னுக்கு இழுத்தால் காயிலைத் தொடாதீர்கள்: ஃப்ளைவீல் நட் தளர்ந்து, சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவி என்ற சிறு உலோகத் துண்டு அறுந்திருக்கலாம்.