பழைய இத்தாலிய டீப்பாய்: குரோம், பித்தளை, கண்ணாடி மூன்றையும் சுத்தம் செய்வது எப்படி?

1970களின் இத்தாலிய டீப்பாய்களில், முக்கியமாக வில்லி ரிஸ்ஸோ, ரோமியோ ரேகா என்ற இரு வடிவமைப்பாளர்களின் வேலைகளில், குரோம் சட்டத்தோடு பித்தளைப் பட்டை சேர்ந்தே வரும். மேலே கனத்த கண்ணாடி. ரிஸ்ஸோ அடிப்படையில் புகைப்படக்காரர். வெளிச்சம் எங்கே பட்டுத் தெறிக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன! பார்க்க அழகுதான். ஆனால் துடைக்க உட்கார்ந்தால் ஒன்றுக்கு ஆவது இன்னொன்றுக்கு ஆகாது.

படி 1: கண்ணாடியை இறக்குங்கள்

ஒரு மீட்டர் சதுரம், 12 மி.மீ. கனம் என்றால் கண்ணாடி மட்டும் 30 கிலோ. இரண்டு பேர் வேண்டும். போர்வை விரித்து, நீள விளிம்பு முழுவதும் அதில் பதியும்படி நிறுத்திச் சுவரில் சாய்த்து வையுங்கள். மூலை தரையில் இடிக்கக் கூடாது. பழைய கண்ணாடியை டஃபண்ட் கிளாஸ் (உடைந்தால் சிறு துண்டுகளாக நொறுங்கும் கண்ணாடி) என்று நம்பிவிடாதீர்கள். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி நீளநீளமாகத் தெறிக்கும்.

படி 2: காந்தம் வைத்துப் பாருங்கள்

பாலிஷ் டப்பாவைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். மஞ்சள் பட்டையில் காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் போட்ட முலாம். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முலாம் கரைந்துவிடும். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை என்று மட்டும் தெரியும். அடிப்பக்கத்தில் பழைய கீறல் இருந்தால் உள்ளேயும் மஞ்சளா என்று பாருங்கள்.

படி 3: மேலே லாக்கர் (பித்தளை கறுக்காமல் இருக்கப் பூசும் நிறமற்ற பூச்சு) இருக்கிறதா?

கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு ஒற்றுங்கள். பிசுபிசுத்தால் லாக்கர் இருக்கிறது. அது நன்றாக இருந்தால் பித்தளையைத் தொடவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி போட்டுப் பழகிய கை இங்கே சும்மா இருக்கட்டும். குரோமில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் புளிப்பு அதற்குள் இறங்கி அடி உலோகத்தை அரிக்கும்.

படி 4: குரோமில் துரு

பித்தளை ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, துருப் புள்ளியில் அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் பழுப்புக் குழம்பு வரும். உடனே துடைத்து, காயவிட்டு, மெல்லிசாக மெழுகு பூசுங்கள். குரோம் உரிந்த இடத்தில் இது வேண்டாம், உரிசல் பெரிதாகும். அதற்கு மறுமுலாம்தான் வழி.

படி 5: பித்தளை

லாக்கர் இல்லாத, முலாம் இல்லாத பித்தளைக்கு மட்டும். டேப்பைக் குரோம் பக்கம் மாற்றிக்கொண்டு, துணியில் பாலிஷ் தொட்டு நீளவாக்கில் தேயுங்கள். இணைப்பு இடுக்கில் தங்கிய பாலிஷைப் பல்குத்தும் குச்சியில் துணி சுற்றி எடுத்துவிடுங்கள். விட்டால் வெள்ளையாக இறுகிப்போகும். கறை போனதும் நிறுத்துங்கள். கண்ணாடி போல் மின்னும் பித்தளை எனக்குப் பிடிக்காது, நேற்று வாங்கியது மாதிரி இருக்கும்.

படி 6: கண்ணாடி

அம்மோனியா கலந்த திரவம் பித்தளைக்கு ஆகாது. வெள்ளை வினிகரில் தண்ணீர் கலந்து, துணியில் தெளித்துத் துடையுங்கள். கீறலில் நகம் மாட்டினால் வீட்டில் சரிசெய்ய முடியாது, விட்டுவிடுங்கள். சட்டத்தின் ரப்பர் பொட்டுகள் இறுகியிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் கண்ணாடி ஆடும்.