புது ராகத்தைக் கச்சேரியில் பாடுவது எப்படி: வயலின் பக்கத்திலிருந்து சில யோசனைகள்

நான் வயலின் வாசிக்கிறவள். பாடுகிறவர்கள் ஆலாபனையில் (சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிக்கும்போது) கண்ணை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் இருக்கிற எனக்குச் சபை முழுதும் தெரியும். எங்கே தலை ஆடுகிறது, எங்கே கைப்பேசி வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டே வாசித்துப் பழகியவள். இளம் பாடகர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, வீட்டில் மாதக்கணக்கில் விவாதி மேளம் சாதகம் பண்ணுகிறேன். மேடை ஏறினால் தோடி, கல்யாணி, கடைசியில் துக்கடா. புதுசை எங்கேதான் பாடுவது?" விவாதி மேளம் என்பது ஒன்றையொன்று உறுத்தும் நெருக்கமான ஸ்வரங்கள் உள்ள மூல ராகம்; துக்கடா, கச்சேரிக் கடைசியில் பாடும் சின்னப் பாட்டு.

மேடையிலேயே பாடலாம். ரசிகர்கள் புதுசை வெறுப்பதில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காதபோதுதான் நெளிகிறார்கள். அந்தப் பிடியைப் பாடகர்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு கச்சேரிக்குப் புதுசு ஒன்று போதும். அபூர்வ ராகமும் சங்கீர்ண நடைப் பல்லவியும் (ஒன்பது ஒன்பதாக எண்ணும் கடினமான தாளக் கணக்கு) ஒரே மாலையில் வேண்டாம். ராகம் புதுசு என்றால் தாளம் எல்லோருக்கும் பழகிய ஆதியோ ரூபகமோ இருக்கட்டும்.

ராகத்துக்குள் நுழைகிற விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. 34ஆவது மேளமான வாகதீஸ்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காதை உறுத்தக்கூடியது ஷட்ச்ருதி ரிஷபம் (காந்தாரத்தை ஒட்டி உயர்ந்து நிற்கும் 'ரி') ஒன்றுதான். பலர் எடுத்த எடுப்பிலேயே அதை நீட்டிக் காட்டுகிறார்கள். வேண்டாம். மேல் பாதியில் தொடங்குங்கள். பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம்: எல்லாம் ஹரிகாம்போதியில் பழகியவை. தைவதத்தில் நின்று, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நிதானமாக உலவுங்கள். அப்புறம் மத்திமம் வழியாக அந்தர காந்தாரத்துக்கு இறங்கி நில்லுங்கள். இதுவரையிலும் ஹரிகாம்போதிதான் என்று சபை நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்த மூச்சில் அந்த ரிஷபம் வரட்டும். முன்வரிசையில் முகங்கள் சட்டென்று நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. நாட்டை ராகத்தின் ரிஷபமும் இதேதான். தியாகராஜரின் முதல் பஞ்சரத்னக் கீர்த்தனையால் எல்லோர் காதிலும் ஊறியது. கச்சேரியை நாட்டையில் ஆரம்பித்தால் காது முன்கூட்டியே தயாராகிவிடும்.

உருப்படிக்கு, அதாவது பாடும் பாட்டுக்கு, கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழிலேயே பாடல் செய்து வைத்திருக்கிறார். சொல் புரிந்தால் ராகமும் சீக்கிரம் ஒட்டும். ராகத்தின் பெயரையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சபை பெயரைத் தேடிக்கொண்டிருக்கும், பாட்டைக் கேட்காது.

இடம்? மெயினுக்கு, அதாவது கச்சேரியின் பிரதான பாட்டுக்கு, முந்தின உருப்படியாக வையுங்கள். காது சூடேறியிருக்கும், தோடியோ காம்போதியோ இனிமேல்தான் வரப்போகிறது என்ற நிம்மதியும் இருக்கும். தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) முடிந்தபிறகு, வீடு திரும்பும் நினைப்பில் இருப்பவர்களிடம் புதுசை நீட்டாதீர்கள். ஆனால் விருத்தத்தை (ராகத்தில் பாடும் செய்யுளை) மறந்துவிட வேண்டாம். தாளக் கட்டு இல்லை, வார்த்தை தெரிந்த வார்த்தை, எல்லோரும் ஆசையாகக் காத்திருக்கிற நேரம். சஹானா, பேஹாக் என்று போகிற ராகமாலிகையில் நடுவே ஒரு வரிக்குப் புது ராகத்தை வைத்துப் பாருங்கள். அதைச் சபை மனசார ஏற்றுக்கொள்ளும்.

பக்கவாத்தியக்காரர்களான எங்களிடம் ராகத்தை முன்னாடியே சொல்லுங்கள். மேடையில் உட்கார்ந்தபிறகு காதோடு ராகப் பெயரைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். விவாதி ரிஷபத்தில் வயலின் ஒரு கணம் தயங்கினால்கூட, சபைக்கு அது தப்பு ஸ்வரமாகவே கேட்கும். பாடகர் சரியாகப் பாடியிருந்தும் பயனில்லை. வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிஷ ஆலாபனை அனுப்பினால் போதும். மிருதங்கக்காரருக்கு எடுப்பும் (பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம்) நடையும் சொல்லிவிடுங்கள்.

சம்பிரதாயத்தைக் கெடுக்கிறாய் என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடிகிற இன்றைய கச்சேரி அமைப்புக்கு உருக்கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் (1890-1967). அதுவும் ஒரு காலத்தில் புதுசாக வந்ததுதான்.

துக்கடா கேட்டுச் சீட்டு வந்தால் முகம் சுளிக்காமல் பாடுங்கள். கேட்டவர் உங்கள் வாகதீஸ்வரியையும் உட்கார்ந்து கேட்டவர்.

ஒரு தடவை பாடிவிட்டு, கைதட்டல் குறைவு என்று ராகத்தை மூட்டை கட்டிவிடாதீர்கள். மார்கழி முழுக்க, கிடைக்கிற சபாக்களில் எல்லாம் அதையே பாடுங்கள். ஆலாபனை எட்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். மயிலாப்பூரில் கேட்டவர்களில் சிலர் தி.நகருக்கும் வருவார்கள். அடுத்த வருஷம் நிரவலையும் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவதை) சேர்த்துக்கொள்ளலாம்.