கல்லா, புதைபடிவமா? சார்மவுத் கடற்கரையில் ஒரு முதல் பாடம்

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் பாட்டி ஒரு சாளக்கிராமம் வைத்திருந்தார். அதிலுள்ள சிறு துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே சக்கரம் சுற்றிச் சுற்றிப் போவது தெரியும். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல், அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் படிவம். இது எனக்கு உறைத்தது இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியிலுள்ள சார்மவுத் என்ற சிற்றூரில். அதே சக்கரம், ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியதாக, பொன்னிறத்தில் என் உள்ளங்கையில் இருந்தது.

சார்மவுத்தின் செங்குத்துக் கரைகள் ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண்ணும் சுண்ணக்கல்லும். மழையும் அலையும் அவற்றைக் கரைக்கக் கரைக்க, உள்ளே இருப்பவை மணலுக்கு வந்து சேர்கின்றன. முதன்முதலாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: நேரம் பார்த்துப் போங்கள்

கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை மொபைலிலேயே கிடைக்கும். தண்ணீர் வற்றத் தொடங்கிய பிறகு இறங்கி, மறுபடி ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். கரைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. செங்குத்துக் கரையின் அடியில் நிற்காதீர்கள், அதைத் தோண்டவும் வேண்டாம். சரிந்து விழும் மண் சொல்லிக்கொண்டு வராது. குளிர்காலப் புயலுக்கு மறுநாள்தான் நல்ல வேட்டை.

படி 2: ஓரிடத்தில் உட்காருங்கள்

புதிதாக வருகிறவர்கள் சுத்தியலோடு கரையை அண்ணாந்து பார்த்தபடி இரண்டு மைல் நடப்பார்கள், வெறுங்கையோடு திரும்புவார்கள். தேட வேண்டியது காலடியில். சிறு கூழாங்கற்கள் திட்டாகச் சேர்ந்திருக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு முழச் சதுரத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். இங்கே கிடைக்கும் சிறு அம்மோனைட்டுகள் பல பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமாக மாறியவை. அவை சாதாரணக் கல்லைவிடக் கனம். ஆற்று மணலில் தங்கம் அரிப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்: கனமானதை அலை ஒரே இடத்தில் ஒதுக்கும்.

படி 3: ஒழுங்கைத் தேடுங்கள்

“இது என்ன உயிர்?” என்பது இரண்டாவது கேள்வி. முதலில், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வரி, சுருள், நட்சத்திரம், துளை. உயிர் வளர்ந்த இடத்தில் இப்படி ஏதாவது ஓர் ஒழுங்கு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

முதலில் உங்கள் கைக்கு வரப்போவது அநேகமாக பெலெம்னைட். துப்பாக்கித் தோட்டா போலவோ, சீவிய பென்சில் நுனி போலவோ இருக்கும். தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை நிறம் மாறும். உடைந்த துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடையாளம் உடைந்த முகத்தில்தான் இருக்கிறது. எலுமிச்சையைக் குறுக்கே வெட்டினால் நடுவிலிருந்து கோடுகள் பிரியுமே, அதே மாதிரி கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகங்கள் மையத்திலிருந்து விரிந்திருக்கும். மழுங்கிய முனையில் கூம்பு வடிவக் குழியும் சில சமயம் இருக்கும். இது கணவாயின் தூரத்து உறவு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது கணவாயின் உள்ளோடு. பெலெம்னைட்டும் அப்படி உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதிதான்.

அம்மோனைட்டையும் சாதாரண நத்தையையும் குழப்பிக்கொள்வது சகஜம். கொசுவர்த்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள்: அம்மோனைட் பெரும்பாலும் அப்படி ஒரே தளத்தில் தட்டையாகச் சுற்றும், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நத்தையின் சுருள் ஒரு பக்கமாகக் கோபுரம் போல எழும்பும். அப்புறம், சுருளின் குறுக்கே விலா எலும்பு போல மேடுகள் ஓடுகின்றனவா, வெளி விளிம்பில் முகடு இருக்கிறதா என்று பாருங்கள். இனம் பிரிப்பதற்கு இந்த இரண்டும்தான் உதவும்.

ஐந்து முனை நட்சத்திரமாக, மூக்குத்தி அளவில் ஏதாவது கிடைத்தால் அது கடல் அல்லி எனப்படும் கிரைனாய்டின் தண்டுத் துண்டு. பெயர்தான் அல்லி, உண்மையில் நட்சத்திர மீனின் சொந்தக்கார விலங்கு. தடித்து வளைந்து, வளர்ச்சி வரிகளோடு இருப்பது கிரிஃபியா என்ற சிப்பி. ஊர்க்காரர்கள் அதைப் பேயின் கால்நகம் என்பார்கள். பார்த்தால் பொருத்தம் புரியும்.

எல்லாருக்கும் ஆசை எலும்பின் மேல்தான். கேரம் காய் ஒன்றுக்கு இரு பக்கமும் குழி விழுந்தது போல, கறுப்பாக ஒரு வட்டு கிடைத்தால் அது இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவின் முதுகெலும்பாக இருக்கலாம். உடைந்த ஓரத்தை லென்ஸில் பாருங்கள். ரஸ்க்கை உடைத்தால் தெரிவது போலச் சிறு துளைகள் இருந்தால் எலும்பு. பக்கத்து ஊரான லைம் ரீஜிஸில்தான் 1811-இல் ஜோசப் ஆனிங் இக்தியோசார் மண்டை ஓடு ஒன்றைக் கண்டார். உடலின் மீதியைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவருடைய தங்கை, சிறுமி மேரி ஆனிங்.

படி 4: ஏமாற்றுகிறவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

நான் மூன்று முறை ஏமாந்தேன். முதலாவது ‘பீஃப்’. சாப்பிடுகிற பீஃப் இல்லை, இறைச்சி நார் போல அடுக்கடுக்காக இருக்கும் கால்சைட்டுக்கு இங்கே அதுதான் பெயர். எலும்பு என்றோ மரம் என்றோ தோன்றும். நார்கள் எல்லாம் ஒரே திசையில் இணையாக நின்று, துளையே இல்லையென்றால் அது வெறும் கனிமம். ஒழுங்கு இருந்தாலே உயிர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதற்கு இது ஒன்றே போதும். இரண்டாவது, பைரைட் உருண்டை. பளபளக்கும், கனக்கும், ஆனால் சுருளோ வரியோ இருக்காது. மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சார்மவுத் ஹெரிட்டேஜ் கோஸ்ட் சென்டரில் கிடைத்தவற்றைக் காட்டினால் இன்னதென்று சொல்வார்கள். அங்கே ஒரு ‘பெலெம்னைட்’டை நீட்டினேன். அந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மரை தெரிகிறதா?” என்றார். துருப்பிடித்த போல்ட்! லைம் ரீஜிஸ் பக்கம் ஊரின் பழைய குப்பைமேடு 2008-இல் சரிந்து கரைக்கு வந்ததால், இந்த மாதிரி இரும்பும் அங்கே உண்டு.

படி 5: வீட்டில் கவனம்

உப்பு போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். பைரைட்டுக்கு ஈரம் எமன். என் முதல் அம்மோனைட்டைக் குளியலறை ஜன்னலில் அழகுக்கு வைத்திருந்தேன். இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் அதன்மேல் வெள்ளைப் பொடி பூத்து, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருகிற அதே கந்தக வாசனை வந்தது. தொட்டதும் உதிர்ந்துவிட்டது. இப்போது எல்லாம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில்.

ஒவ்வொன்றுக்கும் எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்கள். அரியதாக ஏதாவது கிடைத்தால் ஹெரிட்டேஜ் கோஸ்ட் சென்டரில் பதிவு செய்ய வேண்டும், இந்தக் கரையில் பொறுக்குவோருக்கான நெறிமுறை அது.

இன்னதென்று பிடிபடாத சாம்பல் நிற உருண்டைகளை வீசிவிடாதீர்கள். இக்தியோசாரின் வயிற்றுப் பகுதியில் இப்படிப்பட்ட உருண்டைகள் இருப்பதைக் கவனித்தவர் மேரி ஆனிங். அவை சாணம் என்று விளக்கி, 1829-இல் காப்ரோலைட் என்று பெயர் வைத்தவர் நிலவியலாளர் வில்லியம் பக்லேண்ட். லென்ஸில் பார்த்தால் உள்ளே மீன் செதில்கள் மின்னும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குக் காட்ட எடுத்துப் போனது பொன்னிற அம்மோனைட்டை இல்லை, இதைத்தான்.